கையில் இருந்த ஐந்து புள்ளி

எனக்குச் சீராக எழுத வராது, மறதியும் கூட. பொறுத்துக்கொள்ளுங்கோ.

கலியாணமான புதிதில், திருகோணமலைத் துறைமுகத்தில் வேலைசெய்த என்ரை மனுசன் எனக்கு விளையாடப் பழக்கவென்று, புள்ளி போட்ட டொமினோக் கட்டைகளை மேசையில் பரப்பினார்.

"நுனிக் கட்டையில் எத்தனை புள்ளியோ, அத்தனை புள்ளிக் கட்டை உம்மிட்டயும் இருந்தால் பக்கத்தில் வையும். இல்லாட்டி ஏலாது என்று சொல்லும். கட்டை முதலில் முடிகிற ஆள் வென்றது."

கட்டைகள் வளைந்து வளைந்து நீளுறது எனக்குப் புதினமாக இருந்தது. வெல்லுகிற நிலைக்கு வந்ததும் பயந்துபோனேன். நுனியில் ஐந்து புள்ளி; ஐந்து புள்ளிக் கட்டை என் கையிலும் இருக்க, "ஏலாது" என்றேன். அவர் வென்றார். பிறகு என் கட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"இருந்ததே. நாளைக்குக் காய்ச்சல் வந்தாலும் இப்படித்தான் மறைப்பீரோ?"

"நீங்கள் தோற்றால் கோவிப்பியள் என்று..."

"தோற்றால் இன்னொருக்கா விளையாடலாம். உம்மட சொல்லை நம்ப ஏலாட்டி நான் என்ன செய்யிறது?"

அதுக்குப் பிறகு அவரிட்ட நான் எதையும் மறைத்ததில்லை. கையில் இருந்தால் வைத்தே ஆகவேணும் என்றும் சொன்னவர். அது ஆட்டத்தின் விதியோ, எனக்கென்று அவர் போட்ட விதியோ, தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கோ.