கதவு ஸ்விட்சில் கட்டிய மஞ்சள் கயிறு

வேங்கிக்கால் ஊரைத் தாண்டி ஒரு பிளாஸ்டிக் பாட்டில் தொழிற்சாலை இருந்தது. இப்போது அந்த இடத்தில் வீட்டு மனை போட்டிருக்கிறார்கள். ஓய்வு பெறும்வரை நான் அங்கே பராமரிப்புப் பொறியாளர். இயந்திரம் நின்றால் என்னைக் கேட்பார்கள், ஓடினால் யாரும் கேட்கமாட்டார்கள். அதனால் ஓடவைப்பது ஒன்றே என் வேலை என்று எடுத்துக்கொண்டேன். தப்பு அங்கேதான் தொடங்கியது.

பாட்டில் செய்யும் இயந்திரத்தில் இரண்டு இரும்பு அச்சுகள் எதிரெதிரே நிற்கும். சூடான பிளாஸ்டிக் குழாயை நடுவில் வைத்ததும் அவை சேர்ந்து மூடிக்கொள்ளும். உள்ளே காற்று பாயும், பாட்டில் உருவாகும், அச்சுகள் விலகும். முன்னால் ஒரு கண்ணாடிக் கதவு உண்டு. அது சாத்தியிருந்தால் ஓரத்தில் உள்ள சின்ன ஸ்விட்சு அழுந்தியிருக்கும். கதவைத் திறந்தால் ஸ்விட்சு விடுபட்டு, அச்சு மூடாமல் நின்றுவிடும். உள்ளே கை விடுபவனுக்கு இருந்த ஒரே காவல் அந்த ஸ்விட்சுதான்.

ஆயுத பூஜையன்று இயந்திரத்தை ஓட்டிக் காட்டி, ஓடுகிற இயந்திரத்துக்கு ஆரத்தி எடுப்பது எங்கள் முதலாளியின் வழக்கம். அந்த வருடம் கதவைத் திறந்துவைத்தே ஓட்டச் சொன்னார். கண்ணாடி மங்கிப்போயிருந்தது, உள்ளே அச்சு அசைவது தெரியவில்லை. கதவு திறந்திருக்கும்போது ஓட வேண்டுமென்றால் ஸ்விட்சை அழுத்தி வைக்க வேண்டும். பூஜைத் தட்டில் மிச்சமிருந்த மஞ்சள் கயிற்றை எடுத்து நான்தான் அதை இழுத்துக் கட்டினேன். இயந்திரம் ஓடியது, எல்லோரும் கும்பிட்டார்கள். யாரோ அந்த முடிச்சின் மேலும் சந்தனம் தொட்டு வைத்தார்கள். பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் யாரும் கயிற்றை அவிழ்க்கவில்லை. பூஜையில் கட்டியது தானாக இற்று விழ வேண்டும், அறுக்கக் கூடாது என்பது அங்கே எல்லோருக்கும் பழக்கம். எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. ஆனால் எனக்கு வேறு காரணம் இருந்தது.

அடுத்து மலையில் கார்த்திகை தீபம் வரப்போகிறது. கிரிவலத்துக்கு வரும் கூட்டத்துக்குத் தண்ணீர் பாட்டில் போதவே போதாது. எங்கள் போர்வெல் தண்ணீரோ கடும் உப்பு. அச்சைக் குளிரவைக்கும் குழாய்களில் உப்புப் படிந்து அடைத்தால் அச்சு ஆறாது, பாட்டில் ஒட்டிக்கொள்ளும். குழாய்களை ஆசிட் விட்டுக் கழுவ இயந்திரத்தை ஒரு நாள் நிறுத்த வேண்டும். தீபம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். ஒட்டிய பாட்டிலை ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து கையால் பிடுங்கினார்கள். கயிறு இருந்ததால் அதற்காக இயந்திரம் நிற்கவில்லை. நின்ற நேரம் கம்மியாகிவிட்டது என்று மேலாளர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். நான் தலையாட்டி வாங்கிக்கொண்டேன்.

அந்த இயந்திரத்தை ஓட்டியவர் ஊரில் பல தலைமுறையாக இருக்கும் முஸ்லிம் குடும்பத்துக்காரர். பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"சார், அந்தக் கயிறை அவுத்துடுங்க சார். பாட்டில் ஒட்றது ஜாஸ்தியாயிடுச்சு. கை உள்ளேயே இருக்குது."

"நீங்களே அவுக்கலாமே பாய்."

"நான் எப்படி சார் அவுக்கிறது? சாமி கும்பிட்டுக் கட்டுனது. நாளைக்கு மிஷின் நின்னாக்கூட பாய் கயிறை அறுத்துட்டான்னு சொல்லுவாங்க. நீங்க கட்டுனது, நீங்க அவுத்தா ஒருத்தரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

அவர் சொன்னது முழுக்க நியாயம். தீபம் முடிந்ததும் பார்க்கிறேன் என்றேன். ஒரு கத்தரிக்கோல், ஒரு நிமிட வேலை.

தீபத்துக்குச் சில நாள் முன்பு, பட்டப்பகலில், ஒட்டிய பாட்டிலைப் பிடுங்கும்போது அச்சு அவர் கையின் மேல் மூடியது. நான் ஓடிப்போய் அவசரப் பொத்தானை அழுத்தினேன். அச்சுகள் விலகின. அவர் கையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருவிழாவுக்காக வண்டிகளைத் திருப்பி விட்டிருந்தார்கள். ஆட்டோ சுற்றிச் சுற்றிப் போய்த்தான் ஆஸ்பத்திரியை அடைந்தது. வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

நான் ஆட்டோவில் ஏறவில்லை. எல்லோரும் வாசலில் நின்றபோது உள்ளே போய்க் கயிற்றை அறுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கத்தரிக்கோல் மேசை இழுப்பறையில்தான் இருந்தது.

விசாரணையில் என்னைக் கேட்டார்கள். கதவு ஸ்விட்சு நன்றாகத்தான் இருந்தது, அவசரத்தில் அவரே எதையாவது செருகி வைத்திருப்பார், என்னிடம் எதுவும் சொன்னதில்லை என்றேன். அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். கயிற்றைப் பார்த்த மற்றவர்களும் வாய் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் ஒன்று. பூஜைக் கயிறு ஒருவர் கையைத் தின்றது என்று சொல்ல யாருக்கும் நாக்கு வரவில்லை என்பது இன்னொன்று. தொழிலாளியின் அஜாக்கிரதை என்று எழுதி முடித்தார்கள். அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

இந்த வருடம் கலெக்டர் ஆபீஸ் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். முதலில் வணக்கம் வைத்தது அவர்தான், இடது கையால். நல்லா இருக்கீங்களா சார் என்றார். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன் என்று ஏதோ உளறினேன். பிறகு அங்கேயே, பஸ் சத்தத்துக்கு நடுவில், சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கயிற்றை அறுத்ததையும் சொன்னேன். உரிய இடத்தில் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன்.

அவர் சாலையைப் பார்த்தபடி இருந்தார். "கம்பெனியே இல்ல. யார்கிட்ட சார் எழுதிக் குடுப்பீங்க?" என்றார். பிறகு, "வீட்டுக்கு வந்து எங்க வீட்ல சொல்லுங்க. அது போதும்," என்றார்.

அதுதான் கடினமாக இருந்தது. எழுதிக் கொடுப்பதென்றால் அன்றே கொடுத்திருப்பேன். ஒரு வாரம் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்துவிட்டுத்தான் போனேன். சின்ன வீடு, பாய் உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி வாசலில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தார். விபத்துக்குப் பிறகு அந்த மிஷின்தான் குடும்பத்தை ஓட்டியிருக்கிறது. என்னை அடையாளம் தெரிந்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீ வைக்கப் போனவரை நிறுத்தி, நின்றபடியே சொன்னேன். கயிறு நான் கட்டியது. அவிழ்க்கச் சொல்லி உங்கள் கணவர் கேட்டார். நான் அவிழ்க்கவில்லை. பிறகு பொய் சொன்னேன்.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை.

"இவரு அன்னிக்கே சொன்னாரு சார். சார்கிட்ட சொன்னேன், சார்கிட்ட சொன்னேன்னு. நான்தான் நம்பல. படிச்சவங்க, பெரியவங்க, கையெழுத்துப் போட்டுச் சொல்லியிருக்காங்க, அவங்க பொய் சொல்வாங்களான்னு கேட்டேன். புள்ளைங்களுக்கும் அதான் சொல்லி வளத்தேன். உங்கப்பா மாதிரி அவசரப்படாதீங்கன்னு."

பிறகு அவர் கணவர் பக்கம் திரும்பி உருதுவில் ஏதோ சொன்னார். நீளமாக இல்லை. எனக்கு அந்த மொழி தெரியாது.  பாய் கட்டைவிரல் மட்டும் இருந்த கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார், அவர் முகம் கோணியது.

நான் அங்கே இருக்க வேண்டியவன் இல்லை என்று புரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். தெருமுனைவரை தையல் மிஷின் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டே நடந்தேன். கேட்கவில்லை.