அமாவாசைக்கு மறுநாள் மயக்கம்

இன்று காலை என் பிரஷர் மாத்திரை பார்சலில் வந்தது. பெட்டியைப் பிரித்ததும் குப்பென்று மெடிக்கல் கடை வாசனை. உடனே எங்கள் அய்யா ஞாபகம். மற்றவர்களுக்கு அப்பாவை நினைத்தால் வேர்வை வாசம், மண் வாசம் எல்லாம் வருமாம். எனக்கு பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை வாசம்தான்.

அய்யாவுக்குத் திடீர் திடீரென்று தலை சுற்ற ஆரம்பித்த வருஷம். ஒருநாள் காலையில் மாட்டுக்கொட்டகை வாசலில் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். நோயாளி பேர் கேட்டார்கள். என் பேரைச் சொன்னேன். என்ன பண்ணுது என்றார்கள். "கை காலெல்லாம் நடுங்குது" என்றேன். நடுங்கியதும் எனக்குத்தான். வண்டி வந்தபோது அய்யா மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்ட்ரெச்சரை என் பக்கம் தள்ளினார்கள்.

அடுத்த மாதம் மறுபடியும் விழுந்தார், நெற்றியில் காயம். இன்னொரு தடவை விழுந்து இடுப்பெலும்பு போனால் மனுஷன் படுக்கைதான். தலையை ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனேன். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான், "ஏலே, ரெண்டு தடவையும் அமாவாசைக்கு மறுநாளுல்ல" என்று கிளப்பிவிட்டார். நான் ஒரு கையில் ஸ்கேன் படமும் மறு கையில் மந்திரித்த எலுமிச்சம்பழமுமாக அலைந்தேன். எதையும் விட்டுவைக்கிற ஆள் இல்லை.

உச்சிப்புளி மெடிக்கலில் அப்போது நஸீமா என்றொரு பார்மசிஸ்ட். பெரியபட்டினத்துப் பெண். மத்தியானம் கடையில் கூட்டம் ஓய்ந்ததும், நடமாட முடியாத பெரியவர்கள் வீட்டுக்கு ஸ்கூட்டியில் மாத்திரையோடு வந்துவிடும். கொடுத்துவிட்டு ஓடாது, உட்கார்ந்து பேசும். அந்த வருஷம்தான் அய்யாவுக்கு பிரஷர் மாத்திரை ஆரம்பித்திருந்தது; அதைக் கொடுக்க எங்கள் வீட்டுக்கும் வந்தது. அவர் நெற்றிக் கட்டைப் பார்த்துவிட்டு, என் அமாவாசை ஆராய்ச்சியையும் பொறுமையாகக் கேட்டது. பிறகு அய்யா பக்கம் திரும்பியது.

"அமாவாசைக்கு விரதம் இருப்பீகளாய்யா?"

"பின்ன? காக்காய்க்குச் சோறு வைக்காம வாயில எதுவும் போடமாட்டேன் தாயி."

"மாத்திரை?"

"அதையும் வாயிலதான போடணும்?"

"சாப்பிட்டப்பறம் போடலாம்ல?"

"காலையிலன்னுல்ல டாக்டரு சொன்னாரு. அதான் மறுநா காலையில ரெண்டாப் போட்டுக்கிருவேன். ஒரு நா தண்ணி தப்பிப்போனா மறுநா சேத்துப் பாய்ச்ச மாட்டமா?"

நஸீமாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நோன்பு வந்துட்டா எங்க உம்மாகிட்டயும் இதே பஞ்சாயத்துதான்." அங்கிருந்தே டாக்டருக்குப் போன் போட்டுப் பேசியது. "அமாவாசைக்கு மட்டும் காக்காய்க்கு வச்சுட்டு, சாப்பிட்ட கையோட மாத்திரை. டாக்டரே சொல்லிட்டாரு. தப்பிப்போனா போனதுதான். ரெண்டாப் போட்டா பிரஷர் சடார்னு இறங்கித் தலை சுத்தத்தான் செய்யும். ஒடம்பு என்ன வயலா, சேத்துப் பாய்ச்ச?"

அய்யாவுக்கு பிரஷர் பார்த்தது. அப்புறம் என் கையிலும் பட்டையைச் சுற்றியது. "அண்ணே, அவுக நல்லாருக்காக. டாக்டர்கிட்ட போகவேண்டியது நீங்கதான்." அய்யா சிரித்த சிரிப்பில் மாடு மிரண்டது. நான் மாத்திரைக்காரன் ஆனது அப்படித்தான்.

அதற்குப் பிறகு அய்யா விழவேயில்லை. சில வருஷம் கழித்து, தூக்கத்திலேயே போய்ச்சேர்ந்தார். துக்கம் கேட்க நஸீமா வந்தது. கிளம்பும்போது, "அய்யாவோட மிச்ச மாத்திரையெல்லாம் குடுங்கண்ணே, யாரும் எடுத்துப் போட்டுறக் கூடாது" என்று ஒரு பையில் கட்டி வாங்கிக்கொண்டு போனது.

பிறகு அது கல்யாணமாகி மதுரைக்குப் போய்விட்டது. கடைக்குக் கண்ணாடிக் கதவும் ஏசியும் வந்துவிட்டன. வீட்டுக்கு மாத்திரை இப்போதும் வருகிறது, ஆள்தான் வருவதில்லை. போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இறந்தார். காரியம் முடிவதற்குள் அவருடைய மிச்ச மாத்திரைகள் தெரு முழுக்கப் பங்காகிவிட்டன. "அவருக்கு நல்லாக் கேட்டுச்சுப்பா, போட்டுப் பாரு" என்று எனக்கும் ஒரு அட்டை வந்தது. மறுக்க முடியாமல் வாங்கி வைத்திருக்கிறேன். யாரிடம் கொடுப்பதென்றுதான் தெரியவில்லை.