சர்வதேசமயமாக்கலும் என் லீவும்

கண்டிக்குப் பக்கத்தில் நான் விரிவுரையாளராக இருக்கும் பல்கலைக்கழகத்தில், உயர்கல்வியைச் சர்வதேசமயமாக்குவது பற்றிப் பேராசிரியர்களின் கருத்தைத் திரட்டும் வேலையை என் தலையில் கட்டினார்கள். இளையவள் என்றால் இப்படிப்பட்ட வேலையெல்லாம் தானாக வந்து சேரும். எனக்கும் ஒரு சுயநலம் இருந்தது. வெளிநாட்டில் கலாநிதிப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. லீவு கொடுக்க வேண்டியவர்களும் இதே பேராசிரியர்கள்தான்.

முதலில் துறைத் தலைவரிடம் போனேன். அக்குறணைக்காரர். ஒரு மணித்தியாலம் வாய் ஓயாமல் பேசினார். உலகத்துக்குக் கதவைத் திறந்துவிட வேண்டுமாம், இளையவர்கள் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டுமாம். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இதுதான் சமயம் என்று லீவு விஷயத்தை எடுத்தேன். மனிதர் வகுப்பு நேரசூசியை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார்.

"நீங்க போனா முதலாம் வருஷத்த யாரு எடுக்குற, மிஸ்?"

அடுத்த பேராசிரியரும் அப்படித்தான். உலகத் தரம், உலகத் தரம் என்று உருகியவர், லீவு என்றதும் பரீட்சை மேற்பார்வைக்கு ஆளில்லை என்று கையை விரித்தார். எல்லாருக்கும் சர்வதேசம் வேண்டும்; நான் மட்டும் பல்லேகலயைத் தாண்டக் கூடாது. வந்த எரிச்சலில், கென்டீனில் வாங்கிய உளுந்து வடையைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். அந்த வடைக்காக இன்றைக்கும் வருந்துகிறேன்.

மிச்சமிருந்தவர் யாழ்ப்பாணத்துப் பேராசிரியர். சர்வதேசம் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். பிள்ளைகளைப் படிக்கவைத்து, விமானமும் ஏற்றி, வெள்ளைக்காரனுக்குத் தானம் கொடுக்கிறோம், போன ஒன்றும் திரும்பி வராது என்று பொரிந்து தள்ளினார். அவருடைய ஒரே மகளும் கனடாவுக்குப் படிக்கப் போய் அங்கேயே தங்கிவிட்டவள். நான் லீவைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆனால் துறைத் தலைவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார் போலிருக்கிறது.

"உன்ர வகுப்புகளை நான் எடுக்கிறன். நீ போ, பிள்ளை," என்றார். "நீயும் வரமாட்டாய். அப்ப நான் சொன்னது சரியெண்டு எல்லாருக்கும் விளங்கும்."

வாழ்த்துகிறாரா சபிக்கிறாரா என்று தெரியாமல் நன்றி சொன்னேன். அவரே வகுப்புகளை ஏற்றுக்கொண்டதால் மற்றவர்களுக்குத் தட்டிக்கழிக்க வழியில்லாமல் போனது. லீவு கிடைத்தது.

படிப்பு முடிகிற சமயம் அங்கேயே ஒரு வேலை தட்டுப்பட்டது. நல்ல வேலை. மனம் ஊசலாடியது என்று சொல்வது பொய். அந்தப் பக்கமே சாய்ந்துவிட்டது. ஆனால் சரி என்று சொல்ல நினைக்கும் போதெல்லாம், யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு "நான் சொன்னனான்தானே" என்று துறை முழுக்க நடப்பது கண்முன் வந்து நின்றது. அவரை ஜெயிக்க விடுவதா? வீம்புக்கென்றே மூட்டை கட்டிக்கொண்டு கண்டிக்கு வந்து சேர்ந்தேன்.

முதல் நாளே அவருடைய அறைக்குப் போனேன். தோற்றுப்போன முகத்தைப் பார்க்கிற ஆசைதான், வேறொன்றுமில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். உட்காரக் கதிரையைக் காட்டினார். பிறகு போனை எடுத்துக் கனடாவுக்கு அடித்தார். அங்கே நல்ல நித்திரை நேரம். மகளிடம் சுகம்கூட விசாரிக்கவில்லை.

"இஞ்ச ஒருத்தி திரும்பி வந்திருக்கிறாள்," என்றார். "வரலாம் போலத்தான் கிடக்கு, பிள்ளை."