திருநீறு பூசிய சோலார் பேனல்

என் மாமனாருக்குத் தோள்பட்டை இறுகிப்போன பிறகு, அவருடைய பாய்மரப் படகை விற்றுவிடலாம் என்று என் கணவர் முடிவு செய்தார். காற்று இருக்கும்வரை தொல்லையில்லை. காற்று விழுந்துவிட்டால் துடுப்புப் போட்டுத்தான் கரை சேர வேண்டும்; அதற்குக் கையைத் தூக்க முடிய வேண்டுமே. அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அந்த மனிதருக்கு ஒரே ஆசை, ஞாயிற்றுக்கிழமை பெங்களூருக்கு வெளியே ஓர் ஏரியில் படகு விடுவது. குடிநீர் ஏரி என்பதால் பெட்ரோல் இன்ஜினுக்கு அனுமதி கிடையாது.

"விக்க வேணாம். நான் சோலார் பேனல் போட்டுக் கரண்ட் மோட்டார் வெச்சுத் தரேன்," என்றேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. பொம்மசந்திராவில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை நடத்திக்கொண்டிருந்தேன். எலெக்ட்ரிகல் படித்தவள். சுற்றியிருந்த தொழிற்சாலைகளெல்லாம் என்னை நம்பி மோட்டாரைக் கொடுத்தன. வீட்டில் மட்டும் என் தொழிலுக்குப் பொழுதுபோக்கு என்று பெயர்.

"சூரியன வெச்சுப் படகு ஓட்டுவியா? ஆழம் தெரியாம கால விடாதே," என்று கணவர் சிரித்தார்.

ஒரு பேனல் தரும் மின்சாரம் சொற்பம், அதை நம்பி நேராகப் படகு ஓட்ட முடியாது என்பது எனக்குத் தெரியாதா? ஆனால் பாய்மரப் படகுக்கு எப்போதும் மோட்டார் வேண்டியதில்லை. வாரம் முழுக்கக் கரையில் சும்மா கிடக்கும்போது பேட்டரி மெல்ல நிரம்பட்டும். ஞாயிறன்று திரும்பி வர அது போதும். மோட்டாரை நானே கட்டினேன். பாயின் நிழல் விழாத இடம் பார்த்துப் பேனலைப் பின்பக்கம் பொருத்தினேன்.

ஆயுத பூஜைக்கு அடுத்து வந்த ஞாயிறு, மூவரும் ஏறினோம். துடுப்புகளைக் கரையிலேயே வைக்கச் சொன்னேன். இருந்தால் என் கணவர் பாதியிலேயே எடுத்துப் போட ஆரம்பித்துவிடுவார்.

"மோட்டார் இழுக்கலன்னா படக வாங்கக் கேட்ட பார்ட்டிய நாளைக்கே வரச் சொல்லிடுவேன்," என்றார் அவர்.

மாமனார் நல்ல கையால் கயிற்றை இழுத்துப் பாயை விரித்தார்.

நடு ஏரியில் காற்று விழுந்தது. பாயை இறக்கிவிட்டு மோட்டாரைப் போட்டேன். படகு சத்தமே இல்லாமல் பாய்ந்தது. அந்தச் சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். புறப்படும்போது ஒழுங்காகக் காட்டிய பேட்டரி மீட்டர் முள், மோட்டாரின் பாரம் ஏறியதும் மளமளவென்று இறங்கியது. பேட்டரி நிரம்பவே இல்லை.

திரும்பிப் பேனலைப் பார்த்தேன். குறுக்கே மூன்று கனத்த பட்டைத் திருநீறு, நடுவில் சந்தனம், குங்குமம். காலையிலும் பார்த்தேன்தான். ஆனால் அந்த வாரம் எங்கள் ஊரில் பஸ், லேத், தராசு எதில்தான் பட்டை இல்லை? மனதில் உறைக்கவில்லை.

"மாமா, நீங்களா?"

"பூஜைம்மா. மோட்டாரு தண்ணிக்குள்ள கெடக்கு. அதான் இதுக்கு நல்லா குழைச்சுப் பூசினேன்."

பேனலில் சில செல்களை மறைத்தாலே மற்றவையும் முடங்கிப்போகும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டார் என்பது இதுதான்.

"அவ்ளோதான். வாட்ச்மேன கூப்பிட்டுக் கயிறு போட்டு இழுக்கச் சொல்லலாம்," என்றார் கணவர்.

"சும்மா உக்காருங்க!" என்றேன். மோட்டாரை மிகக் குறைந்த வேகத்துக்குக் கொண்டுவந்தேன்.

"இப்டிப் போனா எப்போ போய்ச் சேர்றது?"

"அவசரம்னா நீந்திப் போங்க."

வேகத்தைப் பாதியாக்கினால் மின்சாரச் செலவு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். தண்ணீரின் குணம் அப்படி. அந்தக் கணக்கைத்தான் நம்பினேன். மாமனார் நல்ல கையால் துண்டை ஏரியில் நனைத்து, சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பேனலைத் துடைத்தார். உச்சி வெயில் பளீரென்று அதன்மேல் விழுந்தது. முள் இறங்குவது நின்றது. கரை ஆமை வேகத்தில் வந்தது, ஆனால் வந்தது.

வாட்ச்மேன் ஓடி வந்து, துடுப்பும் இல்லை, சத்தமும் இல்லை, எப்படி வந்தீர்கள் என்று கன்னடத்தில் கேட்டார். அதுவரை எல்லாரிடமும் என்னைப் 'பையனோட வீட்டுக்காரி' என்று மட்டுமே சொல்லிவந்த மாமனார் நிமிர்ந்து நின்று, "நம்ம சொசே மாடிரோ மோட்டாரு," என்றார். எங்கள் மருமகள் செய்த மோட்டார். எனக்குக் கர்வம் தலைக்கேறியது. ஏறட்டுமே, எனக்கென்ன வெட்கம்?

"நாளைக்கு அந்தப் பார்ட்டி எப்போ வராரு?" என்று கணவரைக் கேட்டேன்.

"வரல," என்றார் அவர், செருப்பை மாட்டிக்கொண்டே.

அடுத்த ஞாயிறு மாமனார் எங்கள் இருவரையும் படகில் ஏற விடவில்லை. தனியாகப் போனார். காற்று விழுந்த பிறகு, தனியாகத் திரும்பி வந்தார்.