ஜெபமணி அக்காவுக்கு ஒரு டீ-ஷர்ட்

திருப்பூர்க்காரங்களுக்கே டீ-ஷர்ட்டப் பரிசா வித்துப் பொழைக்கறவன் நான். என்ற தைரியத்த மொதல்ல நீங்க மெச்சணுமுங்க.

நெருப்பெரிச்சல் ரோட்டுல நம்ம கடை. ஒரு ஹீட் பிரஸ், ஒரு பிரிண்டிங் டேபிள், நான், அவ்வளவுதான். அப்பாவுக்கு நன்றி, டீச்சருக்கு நன்றி, பிரசவம் பாத்த நர்சம்மாவுக்கு நன்றின்னு குடும்பம் குடும்பமா வருவாங்க. நம்ம சனங்களுக்கு நேருக்கு நேரா நின்னு நன்றின்னு சொல்ல வருமாங்க? எனக்கே வராது. வாயில சொல்றதுக்குக் கூச்சப்பட்டுத்தான் துணியில அடிச்சுக் குடுக்கச் சொல்றாங்க. அந்தக் கூச்சந்தான் எனக்குச் சோறு போடுது.

இப்படி இருக்கறப்ப ஒரே வாசல்ல வரிசையா இருக்கற எங்க லைன் வீட்டுக்காரங்க எல்லாஞ் சேந்து ஒரு பொறுப்ப ஏங்கிட்டக் குடுத்தாங்க. அம்மாமாருங்க பனியன் கம்பெனிக்கு ஷிப்ட் போயிட்டா லைனுல இருக்கற புள்ளைங்களப் பூராப் பாத்துக்கறது ஜெபமணி அக்காதான். தெக்க நாசரேத்துப் பக்கமிருந்து புருசனோட பொழைக்க வந்து, அவரு தவறிப் போனதுக்கப்பறமும் இங்கயே தங்கிட்டவங்க. என்ற மக யாழினி கைக்கொழந்தையில இருந்து அவங்க மடியிலதான் வளந்தா. மகளுக்குப் பிரசவம், இனி ஊரோட போயிர்றேன்னு அக்கா சொன்னதும் லைனே ஆடிப் போச்சுங்க. என்ற ஊட்டுக்காரி சுமதி, நீங்க போனாப் புள்ளைங்க ஏங்கிப் போயிருமுங்கன்னு சொல்லியிருக்கா. அதுக்கு அக்கா சிரிச்சுட்டே, “சம்பளத்துக்குப் பாத்தவதானம்மா நானு. ரெண்டு நாளு அழும், பொறவு என் மொகமே மறந்துரும்”னு சொல்லியிருக்காங்க. சுமதிக்கு அன்னிக்குச் சோறு எறங்கலீங்க. இந்த நெனப்போட அவங்க பஸ் ஏறக்கூடாதுன்னு லைனே முடிவு பண்ணுச்சு. அதுக்கு என்ன செய்யலாம்னு என்னையக் கேட்டாங்க. நன்றி சொல்றதுல நான் பெரிய நிபுணனாமுங்க. அதுக்கு முன்னாடி அந்த நிபுணத்துவம் இருந்த லட்சணத்த நீங்களே பாருங்க.

ரிஜெக்ட்

காலேஜ் படிக்கற அக்காளும் தம்பியும் அவிய அப்பாவோட பொறந்த நாளுக்கு ஆர்டர் குடுத்தாங்க. அப்பா எக்ஸ்போர்ட் கம்பெனியில க்யூ.சி. தைச்சு வர்ற பீஸுல குத்தங் கண்டுபுடிக்கறதுதான் அவருக்கு வேலை. ‘எங்களைப் படிக்க வைத்த அப்பாவுக்கு’ன்னு நெஞ்சுக்கு நேராப் பிரிண்ட். புள்ளைங்க கூப்புட்டாங்களேன்னு நானும் கேக் திங்கப் போயிட்டனுங்க. போயிருக்கக் கூடாது.

மனுசன் டீ-ஷர்ட்ட வாங்குனதும் எழுத்தப் படிக்கலீங்க. உள்பக்கம் வெளிய வர்ற மாதிரித் திருப்பி, டியூப் லைட்டுக்கு நேராப் புடிச்சு, தோள்பட்டைத் தையல ரெண்டு கையில இழுத்து, கழுத்துக்குள்ள வெரல உட்டுப் பாத்தாரு. மறுபடியும் நேராத் திருப்பி, ஜோப்புல இருந்து டேப்ப எடுத்துட்டாரு. புள்ளைங்க ரெண்டும் அவரு மூஞ்சியவே பாத்துட்டு நிக்குதுங்க. நான் வாயில கேக்கோட நிக்கறேன். அளந்து முடிச்சுட்டு, மக தலையத் தடவி ரொம்பப் பாசமாச் சொன்னாரு:

“பிரிண்ட்டு கால் இஞ்சு எறங்கியிருக்குது கண்ணு. பீஸ ரிஜெக்ட் பண்ணிட்டு வேற வாங்கிக்கோ.”

சூடான காப்பி

ஸ்கூல் வேன் ஓட்டற பழனிச்சாமியண்ணனுக்குக் குன்னத்தூர்ப் பக்கம். மழையோ வெயிலோ, புள்ளைங்கள ஊட்டு வாசல்ல எறக்கி உட்டு, கதவு தொறந்து அம்மா மொகம் தெரிஞ்சாத்தான் வண்டிய நகத்துவாரு. அவரு போட்டோ போட்டு ஒரு டீ-ஷர்ட் வேணும்னு வேன் புள்ளைங்களோட அம்மாமாருங்க வந்தாங்க. அவங்க அனுப்புனது ஊர்க் கோயில் நோம்பியில எடுத்த குரூப் போட்டோ. நான் அந்தண்ணன நேர்ல பாத்தது கிடையாது. ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா முடிஞ்சுது. கேக்கலீங்க. டிரைவர்னா மீசை பெருசாத்தான் இருக்கும்னு நானா முடிவு பண்ணி, இருக்கறதுலயே பெரிய மீசைய வெட்டி எடுத்து அடிச்சுக் குடுத்துட்டேன். அது அவரோட மச்சானுங்க. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை வேற இல்லையாம். அந்தண்ணன் கோவப்படாம வாங்கிட்டு, இதச் சாக்கா வெச்சாவது அவனோட பேசிர்றனுங்கன்னு சொன்னாராம். நான் கடைய ரெண்டு நாள் பாதி ஷட்டர்லயே வெச்சிருந்தேன்.

அம்மாமாருங்க என்னைய நம்பறத உட்டுட்டு அவங்களா ஒண்ணு செஞ்சாங்க. அந்தண்ணன் தெனமும் ஒவ்வொரு ஊட்டு முன்னாடியும் ஆரன் அடிச்சு அடிச்சுக் காத்துக் கெடப்பாரு. ஒருத்தனுக்கு ஷூ ஒண்ணு காணாது, ஒருத்திக்கு ஜடை பாதியில நிக்கும். அன்னிக்கு ஒருநா எல்லாப் புள்ளைங்களையும் பையோட, தண்ணி பாட்டிலோட வாசல்ல தயாரா நிறுத்தி வெச்சிருந்தாங்க. ஒரு ஊடு உடாம அப்படித்தான். இதுல எனக்கு நயா பைசாவுக்கு ஏவாரம் கிடையாது. ஆனா சாயங்காலம் புள்ளைங்கள எறக்கி உட வந்தவரு மொகத்தப் பாத்திருக்கணுமுங்க. ஒரு அம்மாகிட்டச் சொன்னாராம்:

“இன்னிக்கு ஆரன்ல கையே வெக்கலீங்க. ஸ்கூலுக்கு முந்திப் போயி, ஒரு காப்பியச் சூடாக் குடிச்சனுங்க.”

கல்யாண நாள்

ஊருக்கெல்லாம் அடிச்சுக் குடுக்கறவன் சொந்தப் பொண்டாட்டிக்கு ஒண்ணு குடுக்கலைன்னா எப்படின்னு எனக்கே ஒரு ரோசம் வந்துச்சுங்க. கல்யாண நாளும் வந்துச்சு. கடையில நல்ல செவப்புல ஒரு பீஸ் கெடந்துச்சு. கபடி டீம் ஒண்ணுக்கு அடிச்சதுல மிச்சம். முன்னாடி ‘என் வீட்டு வெளிச்சம் சுமதி’ன்னு அழகா அடிச்சேன். மடிச்சு, கலர் பேப்பர் சுத்தி, ரிப்பன் எல்லாங் கட்டுனேன். சுமதி பிரிச்சுப் பாத்துட்டுச் சிரிச்சா. எனக்குப் பெருமை தாங்கல. அப்பறம் அவ டீ-ஷர்ட்டத் திருப்பிப் பின்னாடி பாத்தா. நான் அந்தப் பக்கத்தப் பாக்கவே இல்லீங்க. ரொம்ப மரியாதையாக் கேட்டா:

“ஏனுங்க, ஏழாம் நம்பர்னா நான் எந்த டீமுங்க?”

கை முழுக்க இங்க்

இத்தன சாதனைக்கு அப்பறந்தான் ஜெபமணி அக்கா ஆர்டர். இதுல மட்டும் சொதப்பவே கூடாதுன்னு சாமி சத்தியமா உக்காந்து யோசிச்சனுங்க. வெள்ளை டீ-ஷர்ட்டு, அதுல லைனுல இருக்கற ஒவ்வொரு புள்ளையோட உள்ளங்கையும் ஒவ்வொரு கலர்ல. அவங்க தூக்கி வளத்த கைங்க. யோசனையக் கேட்டதும் பொம்பளைங்க கண்ணு கலங்கிப் போச்சு. எனக்கும் என்ற மேலயே ஒரு மரியாதை வந்துச்சு. அளவு தெரியணுமே, அக்காகிட்டக் கேட்டா விசயம் ஒடஞ்சு போயிரும். சுமதி என்னமோ ஒரு சாக்குல போயி அக்காவக் கட்டிப் புடிச்சு, அதே கையோட ஓடி வந்து என்னையக் கட்டிப் புடிச்சு, உங்களவிட ரெண்டு சைஸ் கம்மிங்கன்னு சொன்னா. கல்யாண நாளுக்குக்கூட அப்படிக் கட்டிப் புடிக்கலீங்க.

ஞாயித்துக்கெழமை காலையில, அக்கா சர்ச்சுக்குப் போன நேரம் பாத்து எல்லாப் புள்ளைங்களையும் கடைக்குக் கூட்டிட்டு வந்தோம். கையில இங்க் தடவுன ஒடனே ஒண்ணுக்கு மூக்கு அரிக்குது, ஒண்ணு போயிச் செவுத்தப் புடிக்குது, ஒண்ணு என்ற வேட்டியப் புடிக்குது. டெலிவரிக்கு மடிச்சு வெச்சிருந்த பனியன் கட்டு மேல ஒரு பச்சைக் கை. ஆனா டீ-ஷர்ட்டு மட்டும் அம்சமா வந்துருச்சுங்க. டேப்ப வெச்சு அளந்தேன், கால் இஞ்சுகூட எறங்கல. முதுகுலயும் ஒரு தடவை திருப்பிப் பாத்துக்கிட்டேன். சர்ச்சுல இருந்து வந்த அக்காவ நடுவுல நிறுத்தி, யாழினி கையால குடுக்க வெச்சோம். அக்கா கையச் சேலையில தொடச்சுட்டு வாங்கிப் பிரிச்சாங்க. ஒவ்வொரு கையவும் தொட்டுத் தொட்டுப் பாத்தாங்க. எல்லாரும் கை தட்டுனோம். அக்கா டீ-ஷர்ட்ட நெஞ்சோட வெச்சுப் பாத்துட்டு, என்ற மனசு நோகக் கூடாதேன்னு மெதுவாத்தான் கேட்டாங்க:

“ரொம்ப நல்லாருக்குய்யா. இத எந்தச் சேலை மேல போட?”

ஒரு வாய்

அக்கா வந்த நாள்ல இருந்து சேலைதான். டீ-ஷர்ட்டுலயே பொறந்து டீ-ஷர்ட்டுலயே வளந்த ஊரு, யாருக்குமே அது தோணலீங்க. நிபுணனுக்குந் தோணல. அக்கா அத மடிச்சு, கட்டி வெச்சிருந்த பையத் தொறந்து, பைபிளுக்குப் பக்கத்துல பத்தரமா வெச்சாங்க. அது எனக்குப் பாவம் பாத்து வெச்ச மாதிரித்தான் இருந்துச்சு. அன்னிக்குச் சாயங்காலமே அவங்களுக்கு ஊருக்குப் பஸ்ஸு. இனி எதையும் மாத்தி அடிக்க நேரமில்லை. சம்பளத்துக்குப் பாத்தவதானேங்கற அதே நெனப்போட அவங்க போகப் போறாங்க.

மத்தியானம் எல்லா ஊட்டுச் சமையலும் அக்கா ரூம்புக்கு வந்துச்சு. அக்கா பழக்கதோசத்துல புள்ளைங்கள வரிசையா உக்கார வெச்சு, சோத்துச் சட்டியக் கையில எடுத்துட்டாங்க. தெனமும் அப்படித்தான். எல்லாத்துக்கும் ஊட்டி முடிச்சு, வாயக் கழுவி, தூங்க வெச்சுட்டு, அடுப்புக்குப் பக்கத்துல நின்னுட்டே ஆறிப் போனத அள்ளிப் போட்டுக்குவாங்க. அவங்க உக்காந்து சாப்புட்டு நாங்க ஒருத்தருமே பாத்ததில்லீங்க. சுமதி அந்தச் சட்டியப் புடுங்கிட்டு, அக்காவத் தோளப் புடிச்சுக் கீழ உக்கார வெச்சா. அக்கா எந்திரிக்கப் பாக்கறாங்க, புள்ளையளுக்குப் பசிக்கும்மான்னு தட்டத் தொட மாட்டேங்கறாங்க.

அப்பத்தான் யாழினி எந்திரிச்சு வந்தா. யாரும் சொல்லிக் குடுக்கலீங்க. தட்டுல இருந்த சோத்த அந்தச் சின்னக் கையில உருட்டி, இன்னொரு கையில அக்கா தாடையப் புடிச்சு நிமுத்தி, “வாயத் தொறங்க ஜெபாம்மா. ஒரு வாய்தான். சாப்பிடலன்னா பூச்சாண்டி வந்துரும்லா”ன்னா. அப்படியே நாசரேத்துத் தமிழு. அடுத்து ஒரு பொடியன் வந்தான், “மெல்லுங்க, முழுங்கிட்டியளா?”ன்னு கன்னத்தத் தொட்டுப் பாத்தான். ஊட்டுல எங்ககிட்ட எங்களாட்டப் பேசற கழுதைங்க அத்தனையும் வரிசையா வந்து, அக்கா அவங்களுக்குச் சொல்லி ஊட்டுன வார்த்தையவே திருப்பிச் சொல்லி ஊட்டுதுங்க. கையில இன்னும் அந்த இங்க் சாயம் வேற. இதெல்லாம் எப்பக் கத்துக்கிட்டதுங்கன்னு பெத்தவங்க எங்களுக்கே தெரியாது. நான் அழுதேனுங்க. வெக்கமில்லாம அழுதேன். அக்கா கண்ணுல தண்ணி வழிய வழிய ஒவ்வொரு கையில இருந்தும் வாங்கித் தின்னாங்க. கடைசியா வந்த புள்ளைய இழுத்து மடியில உக்கார வெச்சுக்கிட்டுச் சொன்னாங்க:

“போதும் மக்கா. வயிறு நெறஞ்சிட்டு.”

இப்பெல்லாம் யாரு நன்றி டீ-ஷர்ட்டுன்னு கேட்டு வந்தாலும், மொதல்ல அவங்கள உக்கார வெச்சு உங்க கையால ஒரு வேளைச் சோறு போட்டுப் பாருங்கன்னு நானே சொல்லித் திருப்பி அனுப்பிச்சிர்றனுங்க, அதனாலதான் கடையில ஏவாரம் இப்படிப் படுத்துக் கெடக்குது.