எட்டு மில்லி

ஞாயிற்றுக்கிழமை குளித்து முடித்ததும் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் சாய்த்துவைத்து என் உள்ளங்கால்களைப் பார்ப்பேன். தோல் புற்றுநோய் அறுவை அரங்கில் முப்பது வருடத்துக்கு மேல் செவிலியாக இருந்தவளின் பழக்கம். முகத்தையும் கையையும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம், முதுகையும் உள்ளங்காலையும் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள் என்று நோயாளிகளிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்திருக்கிறது. என் வீட்டில் இருப்பது கண்ணாடி.

மாமாவுக்கு நான் இருந்தேன்.

அம்மாவின் தம்பி, கல்யாணம் ஆகாதவர். போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் காய் சலிக்கிற வேலை. ஞாயிறுதோறும் சின்னமனூரில் எங்கள் வீட்டுக்கு வருவார். அவருடைய இடது உள்ளங்காலில் ஒரு கறுப்பு மச்சம் இருந்தது. அங்கே மச்சம் இருந்தால் கடல் தாண்டுவார்கள் என்பது எங்கள் பக்கத்து விஞ்ஞானம். துபாய்க்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த காலம். மாமா பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டார். மச்சமும் ஒத்துழைத்து வளரத் தொடங்கியது.

அதை அளப்பது ஒன்பது வயதான என் பொறுப்பு. ஏலக்காயைச் சல்லடைக் கண்ணின் அளவை வைத்து, மில்லிமீட்டர் கணக்கில், ஆறு மில்லி, ஏழு மில்லி, எட்டு மில்லி என்று தரம் பிரிப்பார்கள். மாமா சட்டைப் பையில் ரகத்துக்கு ஒரு காய் கொண்டுவருவார். குப்புறப் படுத்துக் காலை மடக்கித் தூக்குவார். நான் மச்சத்துக்குப் பக்கத்தில் காயை வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"ஏழத் தாண்டிருச்சு மாமா."

"நல்லாப் பாத்துச் சொல்லு மருமகளே. எட்டுன்னா மொதல் ரகம். ஏரோப்பிளேன்ல சன்னல் சீட்டு."

"எனக்கு?"

"அங்கனயிருந்து சென்ட்டு, குடை, பேசுற பொம்மை. அதாச்சும் ஒன்னையவிடக் கொறச்சுப் பேசுதான்னு பாப்போம்."

ஆறு மில்லியைத் தாண்டி வளர்கிற மச்சத்தைச் சந்தேகப்பட வேண்டும் என்று பிற்பாடு எனக்குப் பாடம் எடுத்தார்கள். போடியில் அது ஏற்றுமதித் தரம்.

எட்டைத் தொட்ட வாரம் காயில் ரத்தம் ஒட்டியிருந்தது. மாமா காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"முள்ளு குத்திருக்கும். ஒங்க அம்மாகிட்டச் சொல்லிராத தாயி. புண்ணுன்னு தெரிஞ்சா மெடிக்கல் டெஸ்ட்டுல தள்ளிருவானுக."

நான் சொல்லவில்லை. பழைய பாவாடையைக் கிழித்துக் கட்டுப் போட்டேன். நாலு மாதம், வாரத்துக்கு ஒரு கட்டு. என் உத்தியோகம் அங்கேதான் ஆரம்பித்தது.

தொடை இடுக்கில் நெறி கட்டி அவரால் நடக்க முடியாமல் போன பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்தது. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில், மச்சத்தோடு சுற்றியிருந்த நல்ல தோலையும் ஆழமாக வெட்டி எடுத்தார்கள். தொடைத் தோலைச் சீவி அங்கே ஒட்டினார்கள். இடுக்கில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். செய்ய வேண்டியதில் ஒன்றையும் விடவில்லை. ஆனாலும் மாமா அந்த வருடத்தைத் தாண்டவில்லை. பாஸ்போர்ட் வந்து சேர்ந்தபோது ஆள் இல்லை.

அறுவை முடிந்து பார்க்கப் போனபோது, "மச்சம் எங்க மாமா?" என்று கேட்டேன்.

"அவுகளே வச்சுக்கிட்டாக மருமகளே."

அப்படியானால் அந்த டாக்டர்தான் துபாய் போகப்போகிறார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த நேரம் பார்த்து அவரே வந்து, புண் எத்தனை நாளாக இருந்தது என்று அம்மாவிடம் கேட்டார்.

"ஒரு வாரம், பத்து நாளு இருக்குமுங்கய்யா."

நான் குறுக்கே புகுந்தேன். "இல்ல, நாலு மாசமா ரத்தம் வந்துச்சு. நாந்தேன் கட்டுப் போட்டேன். எட்டு மில்லி."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். மாமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா என்னை அடிக்கவில்லை, ஒரு வார்த்தை திட்டவில்லை. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காராமல் முன் சீட்டுக்குப் போய்விட்டாள்.

இவ்வளவு பெரிய ரகசியத்தைத் தம்பி தன்னிடம் சொல்லாமல் என்னிடம் சொல்லிவிட்டானே என்ற பொறாமை அவளுக்கு என்று நினைத்தேன். ஆண்டிப்பட்டிக் கணவாய் தாண்டி ஊர் வரும் வரை, தனியாக ஒரு சீட்டில், அந்தப் பெருமையோடு உட்கார்ந்து வந்தேன்.