எர்வினுக்குப் பக்கத்து இடம்

எங்கள் ஊர் லின்டன்பாக்கில் முதல் திராட்சைக் கொடி இரண்டு இடங்களில் நடப்பட்டது. தெருவுக்கு வடக்கே நிட்ஷ்கே வீட்டு வாசலில் ஒரு பித்தளைத் தகடு இருக்கிறது, ‘இந்த ஊரின் முதல் கொடி இங்கே’ என்று. தெற்கே கிளைனிக் வீட்டு வாசலில் அதே அளவில் இன்னொரு தகடு, அதே வாசகம். இரண்டையும் அடித்துக் கொடுத்தது நகராட்சிதான். யார் மனமும் நோகக் கூடாது என்று அவர்களுக்கு எண்ணம். ஒரே வார்ப்பு என்பதால் செலவும் குறைந்ததாம்.

மெல்வா நிட்ஷ்கே அந்த வடக்கு வீட்டுக்கு மருமகளாக வந்தவர். பிறந்த வீட்டில் சண்டை போட விஷயம் எதுவும் இருக்கவில்லை. புகுந்த வீட்டில் தயாராக ஒன்று இருந்தது, அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர் கணவர் ஹெட்லிக்குக் கொடியை யார் நட்டால் என்ன, லாரியில் பழம் ஏற்றி ஆலைக்குப் போனால் சரி. மெல்வாதான் பழைய பள்ளிக்கூடத்தைக் கேட்டு வாங்கி ஊர் அருங்காட்சியகம் ஆக்கினார். ஊரின் இரண்டு பெயர்ப் பலகைகளையும் அங்கே வைத்தார். முதல் உலகப் போரில் அரசாங்கம் எங்கள் ஜெர்மன் பெயரைப் பிடுங்கிவிட்டு ஓர் ஆங்கிலேயத் தளபதியின் பெயரை நட்டது. பல வருஷம் கழித்து எங்கள் பெயரே திரும்ப வந்தது. அந்தத் தளபதி இந்தப் பக்கம் வந்ததும் இல்லை, எங்கள் ஒயினைக் குடித்ததும் இல்லை. மெல்வாவும் குடித்ததில்லை, எங்கள் லூதரன் கோவிலில் திருவிருந்தில் தொட்டதோடு சரி.

எர்வின் கிளைனிக் சனிக்கிழமைதோறும் அடிலெய்டு நகரத்திலிருந்து வருகிறவர்களைச் சேர்த்துக்கொண்டு ஊர்ச் சரித்திரம் சொல்லியபடி நடப்பார். அருங்காட்சியக வாசல் வந்ததும் நின்று குரலை உயர்த்துவார்.

“உள்ள போய்ப் பாருங்க. பாக்க வேண்டியதுதான். நம்பணும்னு கட்டாயம் இல்ல.”

ஜன்னலிலிருந்து மெல்வாவின் தலை நீளும். “எர்வின்! உன் கொள்ளுத் தாத்தா வந்த கப்பலே நாங்க கொடி நட்ட மறு வருஷம்தான் கரைக்கு வந்துச்சு!”

“அவரு கப்பலுக்குக் காத்திருக்கல, மெல்வா. நீந்தி வந்துட்டாரு.”

வந்தவர்கள் இதைக் காசு கொடுத்து ஏற்பாடு செய்த நாடகம் என்று நினைத்துக் கை தட்டுவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். வாராவாரம் கேட்டால் உங்களுக்கும் வரும்.

நான் ரோலி ஓப்ஸ்ட். குளிர்காலத்தில் கொடி கவாத்து பண்ணுவேன், வருஷம் முழுவதும் கோவிலுக்குக் குழி தோண்டுவேன். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் குடும்ப இடம் என்று கிடையாது. இறந்த வரிசையில்தான் குழி. உங்களுக்கு முன்னால் யார் போனாரோ அவர் பக்கத்தில் நீங்கள், உங்களுக்குப் பின்னால் யார் போகிறாரோ அவர் உங்கள் பக்கத்தில். கர்த்தருக்கு முன்னால் பணக்காரன் ஏழை இல்லை என்று முன்னோர்கள் ஜெர்மனியிலிருந்து கப்பலிலேயே கொண்டுவந்த ஏற்பாடு இது. கணவனும் மனைவியும் பக்கத்தில் படுக்க வேண்டுமென்றால் ஒருவர் பின் ஒருவராகச் சாக வேண்டும், நடுவில் ஊரில் வேறு யாரும் சாகக் கூடாது.

ஒரு பெரிய ஒயின் முதலாளி மனைவிக்குப் பக்கத்து இடத்தைத் தனக்கு ஒதுக்கி வைத்தால் கோவில் கூரையைப் புதிதாகப் போட்டுத் தருவதாகச் சொன்னார். சபைக் கூட்டத்தில் பாதிப் பேர் கூரைப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். மெல்வா எழுந்து நின்றார்.

“ஒருத்தருக்கு மாத்தினா எல்லாருக்கும் மாத்தணும். அப்புறம் அது பாரம்பரியம் இல்ல, ஓட்டல்ல ரூம் போடுற மாதிரி.”

புதுக் கூரை போயிற்று. மழை பெய்தால் ஆர்கன் மேல் இன்றும் சொட்டுகிறது.

அந்தக் கூட்டம் முடிந்த மறு வருஷம் ஹெட்லி இறந்தார். அவருக்கு ஒரு பக்கம் ரொட்டிக்கடை ஷுல்ட்ஸ். அடுத்த பக்கம் காலியாக இருந்தது. அதில் யார் வந்தார் தெரியுமா, பியானோ வாத்தியார் மிஸ் பெக். ஹெட்லி உயிரோடு இருந்தபோது அவர்கள் இருவரோடும் நாலு வார்த்தை பேசியிருக்க மாட்டார். மெல்வா மூன்று கல்லறைக்கும் சேர்த்துத் தண்ணீர் ஊற்றுவார். தான் எழுந்து நின்று காப்பாற்றிய விதி, எந்த வாயால் போய்க் கேட்பார்? கேட்கவில்லை. ஊற்றி முடித்ததும் அங்கேயே நிற்பார். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவேன்.

எர்வின் இறந்தது ஷிராஸ் திராட்சை அறுவடையின் நடுவில். ஊரே கை பிசுபிசுக்க நிற்கிற நேரம். “கடைசி வரைக்கும் அடுத்தவங்க சௌகரியம் பாக்காத மனுஷன்” என்றார் மெல்வா. அடக்கத்துக்கு வந்தார், முதல் வரிசையில் உட்கார்ந்தார், பாட்டெல்லாம் சரியாகப் பாடினார். வெளியே வந்து அந்தக் குழிக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த புல்லைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“டேய் ரோலி, அடுத்தது இங்கதானா?”

“ஆமா, மிஸஸ் நிட்ஷ்கே.” ஞாயிறு பள்ளியில் எனக்கு அவர்தான் டீச்சர். இன்னும் பேர் சொல்லி வராது.

“சரி” என்றார். அன்றிலிருந்து ஏணி ஏறுவதை விட்டுவிட்டார்.

இரண்டாவது வாரம் எர்வினின் மனைவி தெல்மா அருங்காட்சியகத்துக்கு வந்தார். பலகையில் ஆணி அடிக்க நான் அங்கே இருந்தேன். தெல்மாவுக்கும் மெல்வாவுக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு. தட்டில் ஸ்ட்ராய்சல் கேக், மேலே வெண்ணெய் மாவு உதிர்த்துச் சுட்டது, கொண்டுவந்திருந்தார்.

“உடம்பு எப்படிடி இருக்கு, மெல்வா?”

“எதுக்குக் கேக்கற?”

“சும்மாதான்.”

“சும்மா கேக்கறதுக்கு யாரும் கேக் சுட மாட்டாங்க.”

தெல்மா நாற்காலியில் உட்கார்ந்தார். “எனக்கு அவரு பக்கத்துல படுக்கணும், மெல்வா. அம்பது வருஷத்துக்கு மேல பக்கத்துலதான் படுத்தேன். இப்ப தூக்கமே வர மாட்டேங்குது. எனக்கு முன்னாடி இந்த ஊர்ல யாரும் போகக் கூடாது. அப்படி வேண்டிக்கலாமான்னு தெரியல. பாவமா?”

மெல்வா கேக்கை எடுத்து ஒரு வாய் தின்றார். “சர்க்கரை ஜாஸ்தி” என்றார். “நான் போக மாட்டேன். அவன் பக்கத்துல நான் படுக்கறதாவது! மத்தவங்களை நான் பாத்துக்கறேன்.”

பார்த்துக்கொண்டார். ஊரில் யாருக்கு இருமல் என்றாலும் கோழி சூப்போடு மெல்வா போய் நிற்பார். சதகுப்பை போட்ட வெள்ளரி ஊறுகாய் ஜாடி ஜாடியாகப் போனது. அவர் கார் வாசலில் நின்றால் வீட்டிலுள்ள கிழவர்கள் ‘என்ன, அவ்வளவு மோசமாவா இருக்கேன்?’ என்று கேட்டுக் கட்டிலை விட்டு எழுந்துவிடுவார்கள். அடுத்த அறுவடை வந்து போயிற்று. எனக்குக் குழி வேலையே இல்லை.

பிறகு மெல்வாவுக்கே நோய் வந்தது. ஈரல் என்றார் டாக்டர். இந்த ஊரில் ஒயின் தொடாத ஒரே ஆளுக்கு ஈரல். தெல்மாவோ கைத்தடியோடு நன்றாகவே நடமாடிக்கொண்டிருந்தார்.

மெல்வா போதகரையும் என்னையும் கூப்பிட்டனுப்பினார். போதகர் நகரத்திலிருந்து வந்த இளைஞர், ஊர்ச் சண்டைகளை இன்னும் பாடம் பண்ணிக்கொண்டிருந்தார்.

“என்னை எதிர்க் கோவில்ல போட்டுடுங்க” என்றார் மெல்வா.

எதிர்க் கோவில் என்பது சாலைக்கு அந்தப் பக்கம். அதுவும் லூதரன்தான். எங்கள் முன்னோர்கள் எதற்கோ சண்டை போட்டுப் பிரிந்து ஆளுக்கொன்று கட்டினார்கள். மேலிடத்தில் எப்போதோ சமாதானம் ஆகிவிட்டதாம். எங்களுக்கு இன்னும் தகவல் வந்து சேரவில்லை. பிணமாகக்கூட எந்த நிட்ஷ்கேயும் அந்தச் சாலையைத் தாண்டியதில்லை.

போதகர் திகைத்தார். “ஏங்க? உங்க வீட்டுக்காரர் இங்கதானே இருக்காரு? இந்தக் கோவிலோட சரித்திரமே நீங்கதானே?”

“அந்தப் பொய்யன் பக்கத்துல உயிர்த்தெழுதல் வரைக்கும் என்னால படுக்க முடியாது. எழுந்ததும் கர்த்தரைப் பேச விட மாட்டான்.”

“தெல்மாவுக்காக விதியைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லி நான் வேணா சபையில…”

“விதி விதிதான்” என்றார் மெல்வா. “அதுல யாரும் கை வைக்கக் கூடாது. எனக்கு அவனைப் பிடிக்கல, அவ்வளவுதான். தெல்மா கேட்டாலும் இதையே சொல்லுங்க.”

வாசல் வரை வந்து போதகர் என்னைக் கேட்டார், “அவ்வளவு வெறுப்பாங்க?” நான் மூக்கைச் சிந்திவிட்டுக் காரில் ஏறினேன்.

எதிர்க் கோவிலில் பழைய வரிசைகள் நிரம்பிவிட்டிருந்தன. வேலியோரம் புது வரிசை தொடங்கினார்கள். அதில் முதல் குழி மெல்வாவுடையது. முதல் என்பதில் இந்தத் தடவை யாரும் வழக்குப் பேசவில்லை. தெல்மா தடியை ஊன்றிச் சாலையைத் தாண்டி வந்து கடைசி வரை நின்றார்.

அடுத்த சனிக்கிழமை எர்வினின் நடையைத் தெல்மா நடத்தினார். தன் வீட்டுத் தகட்டுக்கு முன்னால் நின்று, “இது தப்பு. மொதக் கொடி அந்தப் பக்கம்தான். எங்க வீட்டுக்காரருக்கும் தெரியும். ‘அதை ஒத்துக்கிட்டா அப்புறம் சனிக்கிழமை என்ன பேசறது’ன்னு கேப்பாரு” என்றார். வந்தவர்கள் கை தட்டினார்கள்.

அந்தக் குளிர்காலம் என் சித்தப்பா கஸ் படுக்கையில் விழுந்தார். எர்வினோடு சேர்ந்து ஆயுசு பூராவும் பந்து உருட்டி விளையாடியவர், எர்வின் அடக்கத்தில் அதிகம் அழுதவரும் அவர்தான்.

“ரோலி, என்னை எதிர்ப்பக்கம் போட்டுடு.”

“ஏன் சித்தப்பா?”

“எனக்கு எர்வினைப் பிடிக்காது.”

“நேத்துகூட அவரு போட்டோவத் தொடச்சுட்டு இருந்தீங்களே.”

“நேத்து வரைக்கும் பிடிச்சுது.”

மெல்வாவுக்குப் பக்கத்தில் அவரைப் போட்டேன். அவருக்குப் பின் தபால்காரர் மனைவி, அதன் பின் பாண்டு வாத்தியக் குழுவில் ட்ரம்பெட் ஊதிய கிழவர். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பதில்தான். எதிர்க் கோவில் போதகர் என்னைத் தனியாக நிறுத்தி, “உங்க சபையில ஏதாவது பிரச்சினையா?” என்று கேட்டார்.

“ஒண்ணும் இல்லீங்க. எங்களுக்கு எர்வினைப் பிடிக்காது.”

எர்வினுக்குப் பக்கத்தில் புல் முழங்கால் உயரம் வளர்ந்தது. நான் வெட்டுவேன், மறுபடி வளரும். தெல்மாவும் ஒருநாள் படுக்கையில் விழுந்தார். கவாத்துக் கத்தரியோடு அந்த வழியே போனவன் எட்டிப் பார்த்தேன். தலையணையிலிருந்து கூப்பிட்டார்.

“ரோலி, என் வீட்டுக்காரரை இந்த ஊர்ல இத்தனை பேருக்குப் பிடிக்காதுன்னு எனக்குத் தெரியவே தெரியாதுப்பா.”

“ரொம்பப் பேசுவாரு, மிஸஸ் கிளைனிக்.”

“ஆமா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். வெகு நேரம் விடவில்லை.

அவரை எர்வின் பக்கத்தில் வைத்தோம். அடுத்த வாரம் டிராக்டர் மெக்கானிக் மெர்வ் இறந்தார். எந்தப் பக்கம் தோண்டட்டும் என்று அவர் வீட்டில் கேட்டேன்.

“இதென்ன கேள்வி?” என்றார்கள். “நம்ம கோவில்லதான். வரிசையில.”